விலை குறைந்த ஏ.ஆர்.எஃப். பெட்டி: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

மூன்றாவது முறை பறக்கவிட்டபோது என் ரிமோட் விமானத்தின் மூக்கு தனியே கழன்று போனது. எஞ்சின், அதைத் தாங்கும் மவுன்ட், சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் மூன்றும், அவற்றை உடலோடு இணைக்கும் ஃபயர்வால் பலகையோடு ஒரு பக்கம் விழுந்தன. முன்பாரம் இழந்த விமானம் வால் தாழ்ந்து, மல்லாந்து, காய்ந்த ஏரிப் படுகையில் வந்து மோதியது. எஞ்சின் விழுந்த இடத்திலிருந்து முப்பதடி தள்ளி ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் நின்றிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் மேலட்டைப் படத்தை நம்பி நான் மைதானத்துக்கு எடுத்துப்போனதில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். உடலின் பக்கப் பலகைகளோடு ஒட்டியிருக்க வேண்டிய நான்கு ஓரங்களில் இரண்டில் பசையின் சுவடே இல்லை. லேசர் வெட்டிய கறுப்பு விளிம்பு வெட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. மற்ற இரண்டில் மெழுகு சிந்தியதுபோல் மூன்று நான்கு சொட்டுகள். நகத்தால் நெம்பியதும் உரிந்து வந்தன. வெளியே பார்க்க அந்த விமானம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

மலிவான பெட்டியில் குறை கட்டாயம் இருக்கும். அது பசையால் தீருகிற குறையா, தீராத குறையா என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. ஒட்டு போதவில்லை, கீலில் பசை இல்லை, திருகு மட்டமானது என்றால் இரண்டு மூன்று மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். முழுக்கத் தகடு மூடிய இறக்கை முறுக்கியிருக்கிறது, உடல் வளைந்திருக்கிறது, எடை எக்கச்சக்கம் என்றால் அந்த விமானம் இருக்கும்வரை அந்தக் குறையும் இருக்கும். முதல் வகைப் பெட்டியைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையை யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

பெட்டியில் என்ன வருகிறது

ஏ.ஆர்.எஃப். என்பது கிட்டத்தட்டப் பறக்கத் தயாராக வரும் விமானம். உடல், இறக்கை, வால் மூன்றையும் பால்சா மரத்திலும் மெல்லிய பிளைவுட்டிலும் கட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் ஒட்டி அனுப்புவார்கள். எஞ்சின் அல்லது மோட்டார், சர்வோ, ரிசீவர், பேட்டரி நாம் வாங்கிப் பொருத்த வேண்டியவை. வரைபடத்தின் மேல் குண்டூசி குத்தி, குச்சி குச்சியாக ஒட்டி, மாதக்கணக்கில் கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு மூட்டும் தெரியும். ஏ.ஆர்.எஃப். வாங்கியவருக்கு அது தெரியாது. அதனால்தான் இந்தச் சோதனை.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை சீனாவிலும் வியட்நாமிலும் தயாராகின்றன. அங்கே வேலை செய்பவர்களின் கைத்திறனில் குறை சொல்ல முடியாது. மலிவுப் பெட்டிகளில்கூட மர வெட்டு அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. விலையைக் குறைக்கும்போது முதலில் போவது நேரம்: பசை காய்வதற்கான நேரம், ஒட்டிய இடத்தை இன்னொரு தடவை பார்ப்பதற்கான நேரம். அடுத்து போவது மரத்தின் தேர்வு. உலகத்துக்கு வேண்டிய பால்சாவில் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறகுகளின் உள்ளீட்டுக்கும் அதே மரம் போவதால் விலை அவ்வப்போது எகிறும். ஒரே அளவுள்ள இரண்டு பால்சாத் தகடுகளில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு எடை இருக்கலாம். லேசான தகடு விலை உயர்ந்த விமானத்துக்குப் போய்விடும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஓர் அளவை மனத்தில் வைத்துப் பேசுகிறேன்: நாற்பது சைஸ் டிரெய்னர். இறக்கை நீளம் 1.5 மீட்டர், அகலம் 27 செ.மீ. அளவில், 6.5 சி.சி. குளோ எஞ்சின் அல்லது அதற்கு ஈடான மோட்டார். பறக்கத் தயாரான நிலையில் எடை 2.4 கிலோ. அப்படியானால் இறக்கையின் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம். கற்றுக்கொள்பவருக்கு இது இதமான பாரம்.

முதலில் தராசு

பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்ததும், எதையும் ஒட்டுவதற்கு முன், சமையலறைத் தராசில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின், மஃப்ளர், பேட்டரி, ஒவ்வொன்றும் 40 கிராம் அளவிலான சர்வோக்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கையேட்டில் போட்ட எடை பெரும்பாலும் ஆசைக்குப் போட்டதுதான். கூட்டுத்தொகை அதைவிடப் பத்து சதவீதம் கூடினால் நான் கண்டுகொள்வதில்லை. இருபது சதவீதம் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவேன். எடை இருபது சதவீதம் ஏறினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய பத்து சதவீதம் ஏறும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் பத்து சதவீதம்தான் முழு விமானத்துக்கும் நொறுங்கிய விமானத்துக்கும் உள்ள இடைவெளி.

இடது இறக்கையையும் வலது இறக்கையையும் ஒப்பிடுங்கள். பத்து கிராம் வித்தியாசம் என்றால் லேசான பக்கத்து நுனியில் ஒரு சிறு ஈயத்துண்டு போதும். வாலை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். இத்தகைய விமானத்தில் வால் நீளம், மூக்கு குட்டை. வாலில் ஒரு கிராம் ஏறினால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டியிருக்கும்.

முறுக்கும் கோணலும்

கோவையில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் போன வருஷம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணா, கையில எடுத்துப் பாருங்க, எவ்வளவு லைட்டா இருக்கு!" உண்மைதான், லேசாகவே இருந்தது. இறக்கையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனேன். கிரானைட் மேடையைவிட மட்டமான இடம் நம் வீடுகளில் வேறு கிடையாது. டிரெய்னர் இறக்கையின் அடிப்பக்கம் தட்டை என்பதால் அப்படியே கல்லின் மேல் வைக்கலாம். உடலோடு சேரும் வேர்ப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். நுனியில் பின்விளிம்பு கல்லைவிட்டு எழுந்தது. ஐந்து ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிப் பார்த்தோம். மூன்று புகுந்தன, ஐந்து மி.மீ.க்குச் சற்றுக் கூட.

"இவ்வளவுதானே அண்ணா?"

"மத்த பாதியையும் வை, பார்ப்போம்."

மற்ற பாதியில் பின்விளிம்பு கல்லோடு ஒட்டிக்கிடந்தது, தூக்கியது முன்விளிம்பு. 27 செ.மீ. அகலத்தில் ஐந்து மி.மீ. தூக்கல் என்பது ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒரு பக்கம் மேலே ஒரு டிகிரி, மறுபக்கம் கீழே ஒரு டிகிரி என்றால் விமானம் எப்போதும் ஒரு பக்கமாகப் புரளப் பார்க்கும். ரிமோட்டில் டிரிம் கொடுத்து ஒரு வேகத்தில் அதை நேராக்கலாம். வேகம் குறைந்து இறங்க வரும்போது, பின்விளிம்பு தாழ்ந்த இறக்கையின் நுனி முதலில் தூக்குவிசையை இழக்கும். விமானம் அந்தப் பக்கமாகச் சட்டென்று கவிழும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அதைத் திருத்த யாராலும் ஆகாது.

இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு ஒரே அளவு மேலே எழுந்திருந்தால் அது குறையல்ல. நுனி கடைசியாகத் தூக்குவிசையை இழக்கட்டும் என்று வடிவமைத்தவர் வேண்டுமென்றே கொடுத்த முறுக்கு. பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

தம்பியின் இறக்கை மேல்தகடு போடாத, எலும்புக்கூடு தெரியும் வகை. அதனால் பிழைத்தது. அவர் இரண்டு முனைகளையும் பிடித்து எதிர்த்திசையில், வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடித்தார். நான் ஹீட் கன்னை மேலும் கீழும் நிதானமாக ஓட்டினேன். படலம் சுருங்கி இறுகி, ஆறியபின் கைவிட்டதும் இறக்கை புதிய நிலையில் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி கல்லில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் மரம் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். முழுக்கத் தகடு மூடிய இறக்கை, உள்ளே நுரை வைத்த இறக்கை இரண்டிலும் இந்த வைத்தியம் பலிக்காது. அவை முறுக்கியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

உடலுக்கு நூல் போதும். ஃபயர்வாலின் நடுவிலிருந்து செங்குத்து வால் செருகும் பள்ளத்தின் நடுவரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். உடலின் நடுக்கோடு நூலைவிட்டு விலகி வாழைப்பழம்போல் வளைந்திருந்தால் பெட்டியை மூடிவிடலாம். நேராக இருந்தால், பசை போடாமல் இறக்கையையும் வாலையும் பொருத்திவிட்டு, வாலின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் அதே நூலால் அளந்து பாருங்கள். மூன்று மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிறகு பத்தடி பின்னால் தள்ளி நின்று, கண்மட்டத்துக்குக் குனிந்து, கிடைவால் இறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் பதற வேண்டாம். பள்ளத்தை உப்புத்தாளால் ஒரு பக்கம் தேய்த்தால் நேராகிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஃபயர்வால் சற்று வலப்பக்கமும் சற்றுக் கீழ்நோக்கியும் திரும்பியிருப்பதைப் பார்த்து, கோணலாக ஒட்டிவிட்டார்கள் என்று பெட்டியைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. எஞ்சினின் இழுப்பைச் சமன்செய்ய அப்படித்தான் வைப்பார்கள்.

ஒட்டு

இருட்டிய பிறகு உட்காருங்கள். டார்ச்சையும் போன் கேமராவையும் இறக்கை உட்காரும் திறப்பின் வழியே உள்ளே விடுங்கள். பசை சரியாகப் பாய்ந்த மூட்டில், பலகையும் பலகையும் சேரும் இடத்தில் விட்டுப்போகாத ஒரு சிறு பசையோரம் தெரியும். பசையில்லாத மூட்டில் மெல்லிய இருட்டுக்கோடு தெரியும். ஹாட் குளூவாக இருந்தால் பால்நிறத்தில் உருண்டு திரண்டு, எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். லேசர் வெட்டிய விளிம்பு கரியாயிருப்பதால் பசை அதில் மரத்தில்போல் பிடிக்காது. அந்த இடங்களை இரண்டு முறை பாருங்கள்.

எல்லா மூட்டையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐந்து இடம் முக்கியம்: ஃபயர்வால், சக்கரக்கால் பிடிக்கும் கட்டை, இறக்கையின் முன்முளை நுழையும் தடுப்புப்பலகை, இறக்கை போல்ட் திருகும் தகடு, சர்வோத் தட்டு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி, காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். மெல்லிய கிறீச்சென்ற சத்தம் வந்தால் மூட்டு விட்டிருக்கிறது. சக்கரக்காலைத் திருகி மாட்டி, கம்பியை முன்னும் பின்னும் வலுவாக ஆட்டிப் பாருங்கள். கையில் உடைந்தால் சந்தோஷப்படுங்கள்; ஓடுதளத்தில் உடைந்திருந்தால் உடலின் அடிவயிறே கிழிந்திருக்கும்.

ஃபயர்வாலை மட்டும், பார்க்க நன்றாக இருந்தாலும், நான் பலப்படுத்தாமல் விடுவதில்லை. 10×6 புரொப்பெல்லர் நிமிடத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டாயிரம் சுற்று சுற்றும்போது அந்தப் பலகை தாங்கும் அதிர்வு கொஞ்சநஞ்சமல்ல. செய்முறை இதுதான். உள்பக்க மூலைகளை உப்புத்தாளால் சுரண்டி, ஹாட் குளூ இருந்தால் உரித்தெடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். முக்கோண பால்சாக் குச்சியை மூலைக்கு மூலை அளவெடுத்து வெட்டுங்கள். மெதுவாகக் காயும் எபாக்சியை, சாதாரண அரால்டைட் போதும், கலந்து தடவி அவற்றை உட்கார வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். மரத்துக்குள் ஊறுவதற்கு முன் கட்டியாகிவிடும். மறுநாள், உடலின் வெளிப்பக்கத்திலிருந்து ஃபயர்வாலின் விளிம்புக்குள் போகுமாறு பக்கத்துக்கு மூன்று துளை, இரண்டு மி.மீ. பிட்டால் போட்டு, மூங்கில் பல்குச்சியை எபாக்சியில் தோய்த்து அடித்து இறக்குங்கள். நீட்டியதை வெட்டிவிடலாம். பத்துப் பதினைந்து கிராம்தான் கூடும்.

குளோ எஞ்சின் வைப்பவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். குளோ எரிபொருளில் மெத்தனாலோடு விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ கலந்திருக்கும். அது வெற்று மரத்தில் ஊறினால் அதன்பின் எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. ஃபயர்வாலின் முகத்திலும் டேங்க் அறைக்குள்ளும் ஸ்பிரிட் விட்டு நீர்த்த எபாக்சியை பிரஷ்ஷால் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள்.

இறக்கையின் இரு பாதிகளைச் சேர்க்கும் ஜாய்னர் பட்டையை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அது லைட் பிளை என்ற மென்மையான பிளைவுட். அந்த இடத்துக்கு பிர்ச் பிளைவுட்தான் வேண்டும். அதே அளவில் வெட்டி மாற்றிக்கொள்வது பெரிய வேலையல்ல. ஜாய்னர் பெட்டிக்குள் லேசான உராய்வோடு போக வேண்டும். சுத்தியலும் கூடாது, லொடலொடப்பும் கூடாது.

எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் விமானத்தை முழு எடையோடு, இரண்டு பேர் இரண்டு இறக்கை நுனிகளில் விரல்களால் தாங்கித் தூக்குங்கள். எடை முழுதும் நடுவில், தாங்கல் நுனிகளில் என்பதால் நடுமூட்டுக்கு இது ஏறக்குறைய 2 ஜி பாரம். மெதுவாக மூன்று முறை தூக்கி இறக்குங்கள். சத்தமோ புதிய சுருக்கமோ வந்தால் அந்த இறக்கையைப் பறக்கவிடாதீர்கள்.

கீல்

பல பெட்டிகளில் இறக்கையின் ஏலரான், வாலின் எலிவேட்டர், ரடர் எல்லாம் கீலோடு செருகியே வரும். ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி வெறும் செருகல்தான். கையேட்டில் எங்கோ ஒரு வரியில் ஒட்டச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு கீலையும் தனித்தனியே, நன்றாக, பயப்படாமல் இழுங்கள். கழன்று வந்தால் மறுபடி செருகி, இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்து, தண்ணீர்போல் ஓடும் சி.ஏ. (சூப்பர் குளூ) பசையை மேலே ஐந்தாறு சொட்டு, கீழே ஐந்தாறு சொட்டு விடுங்கள். எண்ணெயோ விரல் அழுக்கோ பட்ட கீல் பசையை உறிஞ்சாது. இடைவெளி அகலமாக இருந்து, சர்வோவிலிருந்து வரும் தள்ளுகம்பியும் ஆட்டம் கண்டால், வேகத்தில் ஏலரான் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். அது சில நொடிகளில் இறக்கையையே கிழித்துவிடும்.

படலம்

இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பெட்டியை எடைபோடுகிறார்கள், இது இவ்வளவு பின்னால் வருவதற்குக் காரணமும் அதுவே. வந்திறங்கிய பெட்டியில் படலம் சுருங்கியிருந்தால் அது தயாரிப்பாளரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஈரக்காற்றில் மரம் ஊதும், வறண்ட காற்றில் சுருங்கும். கப்பலில் வந்து சென்னைக் கடற்காற்றில் பிரித்த பெட்டி ஒருவிதமாகவும், சேலத்துச் சித்திரை வெயிலில் பிரித்தது வேறுவிதமாகவும் இருக்கும். இறக்கை உட்காரும் இடத்தில், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் மெல்லிய துணி போட்டு வைத்துப் பாருங்கள். சுருக்கம் இழுத்து இறுகினால் பாலியெஸ்டர் வகை, நல்லது, மறுபடி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். இறுகாமல் குழைந்து பிசுபிசுத்தால் அது ஸ்டிக்கர்போல் ஒட்டும் மலிவு வகை. அந்த விமானத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சுருக்கம் போகாது, முறுக்கு எடுக்கவும் படலம் உதவாது.

சில்லறைச் சாமான்

பையில் வரும், தள்ளுகம்பியின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் கிளெவிஸ், மென்மையான திருகுகள், மெல்லிய தள்ளுகம்பி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். உலோகக் கிளெவிஸும் இரண்டு மி.மீ. கம்பியும் எம்3, எம்4 திருகுகளும் வாங்கும் செலவைப் பெட்டியின் விலையோடு முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். எரிபொருள் டேங்க்கை மட்டும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குழாயில் ஊதி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டால் அதை மாற்ற வேண்டியதில்லை.

நுரை விமானங்கள்

இப்போது தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஈ.பி.ஓ. நுரை விமானமே வாங்குகிறார்கள். அதில் ஒட்டைவிட இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாய்தான் முக்கியம். வேரிலிருந்து நுனிவரை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். கால்வாசியோடு நின்றால் இறக்கை கைத்தட்டுவதுபோல் மடங்கலாம். மோட்டார் மவுன்ட்டை இழுத்துப் பாருங்கள். நுரையே கீலாக உள்ள இடங்களில் முதல் நாளே டேப் ஒட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், கொப்புளித்து வளைந்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. மேலே சொன்ன தராசு, கிரானைட் கல், நூல், டார்ச் சோதனைகள் எல்லாமே பெட்டி வந்த அன்று இரவே செய்யக்கூடியவை, ஒரு கீறல்கூட விழாது. இஸ்திரிப்பெட்டி, ஹீட் கன், எபாக்சி ஆகியவற்றைத் தொட்டபின் எந்தக் கடைக்காரரும் பெட்டியைத் திரும்ப வாங்கமாட்டார். அளந்து முடிக்கும்வரை பசைக் குப்பியைத் திறக்காதீர்கள். உறைகளையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள்.